வண்டி கட்ட வேண்டாம்

மதுரை, 1938

அன்புள்ள ஐயாவுக்கும் ஆத்தாவுக்கும் பேச்சியம்மாள் வணங்கி எழுதுவது. நான் சுகம். ஆத்தாவின் மூட்டுவலி தேவலையா?

அறுப்பு முடிந்ததும் என்னை அழைத்துப்போக வருவதாக எழுதியிருந்தீர்கள். வண்டி கட்ட வேண்டாம் ஐயா. எந்நேரமும் மலச்சட்டி கழுவி ஏச்சு வாங்கியதில் நர்ஸ் படிப்பே கசந்துபோய், கூடப் படித்த இருவர் ஊருக்கே போய்விட்டார்கள். நானும் போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

அலங்காநல்லூரில் மாடு குத்திய மலையாண்டி என்பவர், "பொம்பளப்புள்ள என்னையத் தொடக்கூடாது" என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தார். ஒருநாள் அவருடைய தொடைக்காயம் திறந்து ரத்தம் பீறிட்டது. டாக்டரம்மா வரும்வரை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தேன்.

"கைய எடுத்துராத தாயி!" என்று கெஞ்சினார்.

பயப்படாதீர்கள், எனக்குச் சேலை மட்டும்தான் வீணாயிற்று. "இவள் பிடிக்காவிட்டால் உயிர் போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா, வார்டே கேட்கும்படி. நேற்று மலையாண்டி எழுந்து என் கண்ணெதிரே நடந்தார் ஐயா!

கொஞ்சம் நல்லெண்ணெய் கொடுத்தனுப்புங்கள். இல்லை, நீங்களே கொண்டுவாருங்கள். ஞாயிறன்று மற்றவர்களைப் பார்க்க யாராவது வருகிறார்கள். மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். நர்ஸாகித்தான் ஊருக்கு வருவேன்.

உங்கள் மகள்,
பேச்சியம்மாள்