தளபதியின் பழுப்புப் பெட்டி

மாஸ்கோ
9 நவம்பர் 1947

மூன்று போர்களைக் கண்டவரும் ஒரே ஒரு மகளைச் சமாளிக்கத் தெரியாதவருமான லெப்டினென்ட் ஜெனரல் புரோகோர் சவ்விச் அவர்கள் சமூகத்துக்கு, மகள் ரிம்மா குதிகால் சேர்த்து நின்று எழுதுவது.

அப்பா, உங்கள் போன கடிதத்துக்கு வழியில் சளி பிடித்துவிட்டது போலிருக்கிறது. யாரோ ஆவி பிடிக்க வைத்திருக்கிறார்கள். பசை இளகி, திரும்ப ஒட்டியதும் கோணல். அந்த ஆவி மாமாவுக்கும் என் வணக்கம்.

வீட்டில் எல்லாரும் நலம், தொலைபேசியைத் தவிர. விருந்தில் முதல் கோப்பையை உயர்த்தவேண்டிய மேலிடத்துப் பெயருக்கு உயர்த்தாமல், செத்துப்போன சிப்பாய்களுக்கு உயர்த்தினீர்களே, அன்றோடு தொலைபேசிக்கு வாய் அடைத்துவிட்டது, யாரும் கூப்பிடுவதில்லை. காது மட்டும் கூர்மை என்று அம்மாவின் நினைப்பு. நாங்கள் பேசுவதற்கு முன் எண் தகட்டில் பென்சிலைச் செருகி, மேலே தலையணையும் வைக்கிறாள். நேற்று நான் தலையணையை எடுத்துவிட்டு அதற்கு ஒரு தாலாட்டுப் பாடினேன். பாடியது தொலைபேசிக்கு, திருகு விழுந்தது என் காதுக்கு.

பிப்ரவரி படைத் திருநாளில் பள்ளியில் உங்கள் வாழ்க்கை வரலாற்றை நான் வாசிக்க வேண்டுமாம். எழுதி அனுப்புங்கள்.

ரிம்மா

பி.கு. எப்போதும் கட்டிலடியில் வைத்திருப்பீர்களே, அந்தச் சின்னப் பழுப்புப் பெட்டி, அதைத் திறந்தீர்களா? நீங்கள் கிளம்பிய நாளிலிருந்து காத்திருக்கிறேன்.


ஸ்வெர்த்லோவ்ஸ்க்
20 நவம்பர் 1947

ரிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். இங்கே பனி.

கேட்ட விவரம். பென்சா பக்கத்துக் கொல்லர் மகன். பதினெட்டு வயதில் குதிரைப்படை. முதல் குதிரை கல்கா, கறுப்பு, நல்ல குணம். பிறகு ராணுவக் கல்லூரி, ஒரு டிவிஷனுக்குத் தலைமை. 1938 முதல் 1940 வரை உடல்நலம் கருதி ஓய்வு. அதன்பின் போர். முதலில் பின்வாங்கினோம், பிறகு வந்த வழியே திரும்பினோம். நீப்பர் ஆறு, ஓடர் ஆறு, பெர்லின். இப்போது இந்த வட்டாரத்தின் கிடங்குகளைப் பார்வையிடுகிறேன். நேற்று லாடங்கள். கொல்லர் மகன் லாடத்துக்கே வந்து சேர்ந்தான். வட்டாரத்தை விட்டு வெளியே போக அனுமதி வேண்டும். கேட்கவில்லை.

தொலைபேசி விளையாட்டுச் சாமான் அல்ல. விருந்துகளைப் பற்றியும் உறைகளைப் பற்றியும் எழுதாதே. அந்தப் பெட்டி திறப்பதற்கு அல்ல.

அப்பா


மாஸ்கோ
5 டிசம்பர் 1947

பெர்லினைப் பிடித்து லாடத்தில் மாட்டிக்கொண்ட அப்பாவுக்கு,

வரலாறு வந்தது. டப்பா மீனில்கூட இதைவிட உயிர் இருக்கும். கல்காவுக்கு மட்டும் ஒரு முழு வாக்கியம். மகளாகப் பிறந்ததற்குக் குதிரையாகப் பிறந்திருக்கலாம்.

ஒரு சந்தேகம். அந்த இரண்டு வருட ஓய்வு. போகும்போது உங்களுக்கு வெள்ளைப் பல், வரும்போது இரும்புப் பல். அப்போது எனக்கு எட்டு வயது, நீங்கள் சிரித்ததும் கட்டிலடியில் ஒளிந்துகொண்டேன். குதிரை உதைத்தது என்றாள் அம்மா. இருபது வருடம் உதைக்காத குதிரை, ஓய்வில் இருந்தவரைத் தேடி வந்து உதைத்ததா? அது எந்த ஊர் ஓய்வு இல்லம்? அந்தப் பக்கம் நான் போகவே கூடாது.

பெட்டி, அப்பா, பெட்டி!

ரிம்மா


ஸ்வெர்த்லோவ்ஸ்க்
15 டிசம்பர் 1947

ரிம்மா,

பல்லைப் பற்றி இனி ஒரு சொல் வேண்டாம். இது கட்டளை. பள்ளியில் நான் எழுதியதை மட்டும் வாசி. கடிதத்தில் வானிலை எழுது.

என் படைத்துறைச் செயலரை வேலை விஷயமாக மாஸ்கோவுக்கு அழைத்தார்கள். ஒரு சின்னப் பையோடு போனார். இன்னும் திரும்பவில்லை. அவர் நாய் இப்போது என்னிடம் இருக்கிறது. கதவைப் பார்த்தபடியே படுத்திருக்கிறது, நானும்தான்.

அறையைப் பெருக்கும்போது உதவிச் சிப்பாய் யெஃபீம் பெட்டியை நகர்த்தினான். "உள்ள என்னமோ கடகடங்குது, தோழர் ஜெனரல்" என்றான். அதற்குள் கடகடக்கும் பொருள் எதையும் நான் வைக்கவில்லை.

அப்பா


மாஸ்கோ
24 டிசம்பர் 1947

அன்பு அப்பா,

வானிலை எழுதச் சொன்னீர்கள். இங்கே கடுங்குளிர். அங்கே இதைவிடக் குளிர் என்று நேற்றுதான் தெரிந்தது.

சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம் என் வீரச்செயலைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு வேறு சாமான் அடைத்ததை. விடுமுறைக்கே போகாத அப்பா விடுமுறைக்கென்று கட்டிவைத்த பெட்டி என்று நினைத்திருந்தேன். அம்மா எழுந்து சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தத்துக்குள் என் காதில் சொன்னாள்: "போன தடவை வெறுங்கையோட போனாருடி. வரும்போது கால்ல ரெண்டு விரல் இல்ல."

எங்கே போனார் என்றும், அந்தப் பெட்டி எந்த அழைப்புக்குக் கட்டியது என்றும் சொன்னாள். அதை எழுதவில்லை. பாருங்கள், கட்டளைக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொண்டேன்.

அப்பா, உடனே பெட்டியைத் திறங்கள். உள்ளே சாவி கொடுத்தால் மேளம் தட்டும் தகரக் கோமாளி, பஞ்சு மீசை, சோடியில்லாத என் பனிச்சறுக்குக் காலணி. உங்கள் கம்பளிக் காலுறை இரண்டு சோடி, உள்ளுடை, புகையிலை, பல்பொடி எல்லாம் இன்றே பார்சலில் அனுப்பிவிட்டேன். கிடைத்தது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அதுவரை இந்த வீட்டில் யாரும் சிரிக்கப்போவதில்லை, நான் உட்பட.

உங்கள் ரிம்மா


ஸ்வெர்த்லோவ்ஸ்க்
9 ஜனவரி 1948

என் குருவிக்கு,

பார்சல் கிடைத்தது.

பெட்டியைத் திறந்தேன். மீசையை ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். பழைய தளபதி ஒருவர் போல இருந்தேன், பெயர் சொல்ல மாட்டேன். சிரித்துவிட்டேன். யாரோ என் கழுத்தை நெரிக்கிறார்கள் என்று நினைத்து யெஃபீம் துப்பாக்கியோடு ஓடிவந்தான். நாயும் முதல் தடவையாகக் கதவை விட்டு எழுந்தது.

நாளை யெஃபீமோடு ரயிலில் மாஸ்கோவுக்கு வருகிறேன். பேச அழைத்திருக்கிறார்கள். காலுறையும் உள்ளுடையும் வைத்தாயிற்று. எல்லாவற்றுக்கும் இடம் போதவில்லை, புகையிலையை யெஃபீமுக்குக் கொடுத்துவிட்டேன். கோமாளி இருக்கட்டும்.

இன்னொன்று. அந்த ஓய்வு விஷயத்தில் குதிரை மேல் பழி போட்டது தவறு. எந்தக் குதிரையும் என்னை உதைத்தது இல்லை. பள்ளியில் எதை வாசிப்பது என்று இனி நீயே முடிவு செய்.

உறையை ஒட்டுமுன் இதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அடித்துத் திருத்தவில்லை.

முத்தங்களுடன்,
அப்பா


மாஸ்கோ
23 பிப்ரவரி 1948

ஆவி மாமாவுக்கு,

உறையில் இருப்பது அப்பாவின் பழைய விலாசம். ஆனால் படிக்கப்போவது நீங்கள்தான், அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

அப்பாவின் தந்தி பார்த்து நானும் அம்மாவும் நிலையத்தில் நின்றோம். வண்டி காலியாகும்வரை நின்றோம். ஒரு வாரம் கழித்து யெஃபீம் மாமா நாயோடு வந்தார். அவரும் குழாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத்தான் பேசினார். "மூரோம் ஸ்டேஷன்ல ரெண்டு பேர் ஏறினாங்கம்மா. மரியாதையாத்தான் கூப்பிட்டாங்க. பெட்டிய நான் தூக்கிட்டு வரேன்னேன். வேணாம், அது என் பொண்ணு கட்டினதுன்னு அவரே எடுத்துக்கிட்டு இறங்கினார்."

இன்று படைத் திருநாள். பள்ளிக்கூடத்துச் சுவரில் அப்பா படம் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. ஆசிரியை என் பெயரைத் தாண்டி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். எழுதி வைத்திருந்த வரலாறு என் பையிலேயே இருந்தது. அதில் 'உடல்நலம் கருதி ஓய்வு' என்ற வரியை மட்டும் அடித்திருக்கிறேன்.

அம்மா ஒவ்வொரு சிறை ஜன்னலாகப் பொட்டலத்தோடு போனாள். மூன்று ஜன்னலில் "இங்க இல்ல" என்று தள்ளிவிட்டார்கள். இன்று நானும் போனேன். நாலாவது ஜன்னலில் ஒரு கை நீண்டு பொட்டலத்தை வாங்கிக்கொண்டது. வரிசையில் பின்னால் நின்ற யாரோ ஒரு அம்மாள் எங்களைப் பிடித்து நகர்த்தினாள்: "வாங்கிக்கிட்டா ஆள் இருக்கார்னு அர்த்தம். திருப்பிக் கொடுக்கிறப்ப அழுதுக்கலாம். நட, நட."

மாமா, எங்கள் வீட்டுக் கதை முழுக்க உங்களுக்குத் தெரியும். இரண்டு காலிலும் சேர்த்து எட்டே விரல் உள்ளவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. கோமாளியைப் பிடுங்கிக்கொண்டாலும் பரவாயில்லை, காலுறையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு மகள் இருக்கலாம். அவள் சேட்டைக்காரியாகவும் இருக்கலாம்.

இந்த உறையை நான் ஒட்டவில்லை. இன்று உங்களுக்கு வெந்நீர் மிச்சம்.

ரிம்மா புரோகோரொவ்னா
ஜெனரலின் மகள்