இரண்டிலும் திறக்கும் டிரைவ்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து இறங்கி, நோர்வூட் பஸ்ஸில் ஹட்டன் வரை நின்றே வந்தேன். ஸ்டூடியோவுக்குள் கால் வைக்கும்போதே முதலாளி: "வாங்க பட்டதாரி. டீச்சர் வேலைக்குக் கடிதாசி வந்துச்சா?" படம் எடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். நானும்.

வேலை: மாரியாயி அம்மாவின் சாவு வீட்டு வீடியோ. முதலாளி எடுத்தது. மகள் புஷ்பா குவைத்தில் வீட்டு வேலை, லீவு கிடைக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்காகச் சாவைப் படம் பிடிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. கேசட்டை மேக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது முழுவதும் பார்த்தேன். பாடை தூக்கிய மகன் ராஜூ சேற்றில் வழுக்கினான். முழங்கால் கிழிந்து ரத்தம். தோளை மட்டும் இறக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வெட்டி ஒட்டுவது மேக்கில். டிவிடி அடிப்பது விண்டோஸில். நடுவே கொண்டுபோகப் புது டிரைவ். எந்த ஃபார்மட் என்று முதலாளி கேட்டார்.

ஃபேட் 32 என்றால் இரண்டிலும் வேலை செய்யும், ஒரு ஃபைல் நாலு ஜிபியைத் தாண்டக்கூடாது, துண்டாகப் பிரிக்கலாம் சேர், என்றேன்.

"துண்டு போட இது என்னா மீனா? லயத்துல கம்ப்யூட்டர் வச்சிருந்தீங்களோ?"

விண்டோஸுக்குப் புரியாத மேக் ஃபார்மட்டே போட்டார். படத்தை டிரைவில் ஏற்றிவிட்டு மேக்கில் இருந்ததை அழித்தார். இடமில்லையாம். கேசட்டை மாலையில் சடங்கு வீட்டுக்குக் கொண்டுபோய் அதன் மேலேயே எடுத்துவிட்டார்.

ஜூன் 11, புதன்

விண்டோஸில் செருகியதும் ஒரு பெட்டி வந்தது. டிரைவ் ஃபார்மட் ஆகவில்லை, செய்யவா?

"வேணாம் சேர்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. 'யெஸ்' அமுக்கினார்.

பிறகு மேக்கில் செருகிப் பார்த்தார். காலி.

அப்புறம் அலுமாரியிலிருந்து இன்னொரு தோட்டத்துச் சாவு கேசட். அதிலும் மழை, தப்பு மேளம், கறுப்புக் குடைகள்.

"தோட்டத்துச் சாவெல்லாம் ஒண்ணுதான். பொணத்தோட முகம் வர்ற எடத்த வெட்டு. முன்னுக்கு அந்தம்மா போட்டோவப் போடு."

போட்டேன். பெயரும் நானே அடித்தேன். எழுத்துப்பிழை இல்லை.

ஜூன் 27, வெள்ளி

பனி. எதிர்க்கடை தெரியவில்லை. குவைத்திலிருந்து போன். புஷ்பா. டிவிடி கிடைத்ததாம்.

"தங்கச்சி, மூணு தடவ பாத்துட்டேன். ராஜூ எங்கயுமே இல்லையே. யார் யாரோ தூக்குறாங்க. தம்பி வரவே இல்லையா?"

முதலாளியைப் பார்த்தேன். ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"நாங்க என்னான்னு சொல்றது. தண்ணியப் போட்டுட்டு லயத்துலயே கெடந்தான்னு பேசிக்கிட்டாங்க."

வைத்துவிட்டு டீ கேட்டார். சீனி கூடுதலாக.

ஜூன் 30, திங்கள்

வெயில். டிரைவை ஃபேட் 32க்கு மாற்றியாயிற்று. நான் சொன்னதுதான். இரண்டிலும் திறக்கிறது.

மதியம், முதலாளி சாப்பிடப் போன நேரம், ராஜூ வந்தான். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான். முழங்காலில் காய்ந்த புண்.

"மிஸ், அக்கா போன எடுக்க மாட்டேங்குது. அம்மா சாவுக்கு நான் வரலைன்னு யாரோ சொல்லிட்டாங்க. வீடியோவுல நான் தூக்குறது இருக்குதுல்ல? ஒரு காப்பி போட்டுக் குடுங்க. நானே அனுப்பிக் காட்டுறேன்."

உட்காரச் சொன்னேன்.