அரிசி வேண்டாம் என்று எழுதி வைத்தேன்

ஆரணி,
கார்த்திகை அமாவாசை கழிந்த வாரம்.

அன்பு மகள் மதிவதனிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை எழிலரசனும் அந்தக் கனடாப் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கு வைக்கிறாள். இங்கே விடாத மழை, ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, ஊரில் பாதிப் பேர் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். போனில் பேசினால் நீ பாதியிலேயே "அப்பா ப்ளீஸ்ப்பா" என்று ஆரம்பிக்கிறாய், நான் கத்துகிறேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் காகிதம் எடுத்தேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

மில்காரர் சிவப்பிரகாசம் ஐயாவிடம் போய் மன்னிப்புக் கேள் என்றாய். கேட்க மாட்டேன். முதலில் அதை எழுதிவிட்டேன், இனி காரணத்தைப் படி. உனக்கு வாட்ஸப்பில் வந்தது நம் உணவு வங்கி வாசலில் நான் மாட்டிய பலகையின் படம் மட்டும்தான். "அரிசி வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும் பலகையைப் படம் பிடித்து, அரிசி மில் நிறைந்த ஊரில் அரிசியை அவமதிக்கும் ரிட்டயர்டு கண்டக்டர் என்று எழுதி ஊர் முழுக்க அனுப்பியது அவருடைய பையன் ஹேமநாத். படத்தில் பலகையின் கீழ்ப் பாதியை வெட்டிவிட்டான். பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய்த்தூள், சோப்பு கொடுங்கள் என்று நான் எழுதியது அந்தப் பாதியில்தான் இருந்தது. அதற்கும் கீழே உன் அம்மா சாக்பீஸால் நாப்கின் என்று தன் கையால் எழுதியிருந்தாள். தெருவில் இரண்டு பெரிய மனிதர்கள் அதை அழிக்கச் சொன்னார்கள். உங்க வூட்டுப் பொம்பளைங்களக் கேட்டுகினு வந்து சொல்லுங்க, அப்புறம் அழிக்கிறேன் என்றாள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

இந்த உணவு வங்கிக்கே நீதான் காரணம், அதை மறந்துவிடாதே. சனிக்கிழமைதோறும் கனடாவில் இல்லாதவர்களுக்குச் சாமான் கொடுக்கும் உணவு வங்கியில் டப்பா அடுக்குகிறேன், என்ன தேவை என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள் என்று நீ சொன்னதைக் கேட்டுத்தான் நான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இதை ஆரம்பித்தேன். சிவப்பிரகாசம் தன் மில் குடோனை ஒட்டிய அறையை வாடகையில்லாமல் கொடுத்தார், அதற்கு நான் நன்றி மறந்தவன் இல்லை. ஆனால் மக்கள் எதையெல்லாம் கொண்டுவந்து போடுகிறார்கள் தெரியுமா. தேதி முடிந்த சேமியா, பாதி தீர்ந்த கரம் மசாலா, தீபாவளிக்கு யாரோ கொடுத்து யாரும் தின்னாத சோன் பப்டி, எவன் வீட்டுப் பிள்ளையோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அன்னாசிப்பழ டின். டின்னைத் திறக்கும் கருவி இந்தத் தெருவில் யாரிடமும் கிடையாது. உன் அடுப்பில் ஏற்றாததை என் அலமாரியில் ஏற்றாதே என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன், என் குணம்தான் உனக்குத் தெரியுமே.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய தொல்லை அரிசி. தானம் என்றாலே இவர்களுக்கு அரிசிதான். கல்யாண நாளுக்கு அரிசி, செத்தவர் நினைவுக்கு அரிசி, பிள்ளை பாஸானால் அரிசி. சிவப்பிரகாசம் ஒவ்வொரு அமாவாசைக்கும் தன் அப்பா படம் அச்சிட்ட பையில் டெம்போ நிறைய அனுப்புவார், கொடுக்கும்போது போட்டோவும் எடுப்பார்கள். வாங்குகிறவர்கள் வீட்டில் ரேஷன் அரிசி ஏற்கனவே இருக்கிறது. கார்டு இல்லாமல் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்காக நான் தனியாக மூட்டை எடுத்து வைத்திருக்கிறேன், அவர்களை விட்டுவிடவில்லை. மீதி அறையில் கிடந்து வண்டு பிடித்தது. அலமாரியில் பருப்பு வைக்க இடமில்லை, வைக்கப் பருப்பும் இல்லை.

குணசுந்தரியை உனக்குத் தெரியாது, பட்டுத் தறி நெய்கிற குடும்பம். மழையில் வேலை மந்தம் என்று முதலாளி அவர்களுக்கு நெய்யப் பாவு நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார், தறி சும்மா நிற்கிறது. அவள் நம்மிடம் வாங்கிப்போன அரிசிப் பையை ஓர் இட்லிக் கடையில் விற்றிருக்கிறாள். கடை வாசலில் தன் அப்பா படம் போட்ட பையைச் சிவப்பிரகாசம் பார்த்துவிட்டார். நேராக நம் அறைக்கு வந்தார், அவளும் அப்போது அங்கே வரிசையில் நின்றாள். இத்தனை பேர் எதிரில், "தானமா குடுத்தத வித்துத் துன்றியே, வெக்கமா இல்ல உனுக்கு?" என்று கேட்டார். அவள் தலை நிமிரவில்லை. அவர் போன பிறகு நான்தான் ஏம்மா விற்றாய் என்று கேட்டேன். "அரிசி கீதுண்ணா, கொழம்புக்கு ஒண்ணும் இல்ல. வெறும் சோத்துல உப்பப் போட்டு எத்தினி நாளு புள்ளைங்களுக்குத் தர்றது? வித்துட்டு எண்ணெயும் பருப்பும் வாங்கினேன். வேற இன்னா பண்ணுவேன்?" என்றாள். அவள் விற்றதில் என்ன தப்பு, நீயே சொல்.

மறுநாள் பலகை எழுதி மாட்டினேன். என் அம்மா இதே ஊர் மில் வாசலில் நொய்யரிசிக்குக் கையேந்தி நின்றவள், ஆகவே அரிசியின் அருமையை எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம். அமாவாசை அன்று டெம்போ வந்தது. நான் இறக்க விடவில்லை. டிரைவர் தனசேகரன் நல்ல மனிதர், "அண்ணே, இறக்கிட்டுப் போலன்னா ஐயா என்னிய ஒரு வழி பண்ணிடுவாரு, ஏன் பேஜார் பண்றீங்க" என்று கெஞ்சினார். நான் டெம்போவின் பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டி "போலாம் ரைட்" என்றேன். பழக்க தோஷத்தில் அவரும் வண்டியை எடுத்துவிட்டார். தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் மில்காரர் வீட்டாருக்கு அதிகம் சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

சாயங்காலமே சிவப்பிரகாசம் கூப்பிட்டு அனுப்பினார். மகாலட்சுமியை வாசலோடு திருப்பி அனுப்பினவன் என்றார், பலகையை எடுத்துவிட்டு எல்லார் எதிரிலும் மன்னிப்புக் கேள், இல்லையென்றால் சாவியை வைத்துவிட்டுப் போ என்றார். என்னைச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஐயா, நீங்க குணசுந்தரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, அப்புறம் நான் உங்ககிட்ட நூறு வார்த்தை சொல்றேன் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ போன் செய்தது அன்று ராத்திரிதான். பெரிய இடத்தைப் பகைத்துக்கொள்ளாதே, அறை போனால் அந்த ஜனங்களுக்குத்தானே நஷ்டம் என்றாய். நீ கேட்டது நியாயமான கேள்வி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருத்தியைத் தலை குனிய வைத்துவிட்டுத்தான் அவள் பிள்ளைகளுக்குச் சோறு போட முடியும் என்றால் அந்த அறை எனக்கு வேண்டாம். விடிந்ததும் சாவியை மில் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

வந்தேனே தவிர, எங்கே போவது என்று தெரியவில்லை. அறையிலிருந்து வெளியே எடுத்த அலமாரியும் சாமானும் மழையில் வாசலில் நின்றன. குணசுந்தரி தன் புடவைத் தலைப்பால் மிளகாய்த்தூள் பாக்கெட்டுகளை மூடிக்கொண்டு நின்றாள். நான் யார் யாருக்கோ போன் போட்டேன், எல்லாருக்கும் மில்காரர் தயவு வேண்டும், ஒருவரும் இடம் தரவில்லை. அப்போது உன் அம்மா வந்தாள். ஓர் எண்ணெய் டின்னை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள், நாங்கள் மற்றதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனோம்.

மதி, அவள் திறந்தது உன் அறையை. நீ கல்யாணமாகிப் போன நாளிலிருந்து என்னைக்கூட உள்ளே ஒரு பொருளைத் தொட விடாமல் அவள் வைத்திருந்த அறை. உன் கட்டிலை எடுத்து வெளியே போட்டாள், உன் புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் ஏற்றினாள், உன் மேஜைமேல் பருப்பை அடுக்கினாள். பொங்கலுக்குப் பிள்ளை வந்தால் எங்கே படுப்பாள் என்று கேட்டேன். "என் பக்கத்துல படுத்துக்கட்டும். அவளுக்கு நான் கீறேன், இதுங்களுக்கு யாரு கீறாங்க?" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பலகையை நம் கேட்டில் அவளே கட்டினாள்.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டோம். கேட்டிருந்தாலும் செய்திருப்போம். நீயும் மாப்பிள்ளையும் எல்லாச் செல்வமும் பெற்று நிறைவாக வாழ வேண்டும், உங்கள் வீட்டு அடுப்பு என்றும் அணையக் கூடாது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. வரும்போது சாக்லேட் தூக்கிக்கொண்டு வராதே, வாசலில் பலகை இருக்கும், படித்துவிட்டு உள்ளே வா.

மன்னிப்புக் கேட்காத உன் அப்பா,
கா. அன்பரசு