ரேடியோவில் அம்மா திட்டிய லொறிக்காரர்

கொட்டகலை

அன்பு மகள் ஷாமிலாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் நல்ல சுகம், என் முழங்கால் மட்டும் மழை வருமுன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. டோஹாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. கிஷாந்த் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அதனால் அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும், ஏன் என்பதுதான் தெரியாது. குரல் கரகரத்துப் போகும், பயப்படாமல் பேசுங்கள், பேசப் பேசத்தான் தெளியும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். வீட்டுக்கு வந்த வாரமே காஸ் கடையிலிருந்து போன் வந்தது. அம்மா எடுத்து ஹலோ என்றாள். கடைக்காரர், "ஐயா, சிலிண்டர் வந்திருக்குங்க" என்றார். அன்றைக்கு மூடிய வாய்தான். கோவிலில் பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைப்பாள், வீட்டில் எல்லாம் கைதான், ரொம்பக் கோபம் என்றால் கதவு. அம்மா இப்படிச் சொல்லச் சொன்னாள் என்று உன்னிடம் நான் சொன்னதெல்லாம் அவள் கையைப் பார்த்து நானாகப் புரிந்துகொண்டது, அதில் பாதி தப்பாகவும் இருக்கும்.

முன்பு ஒரு ரேடியோக்காரர் தேயிலைத் தோட்டம் தோட்டமாக வந்து எல்லாவித வேலை செய்கிறவர்களிடமும் பேட்டி எடுத்துக்கொண்டு போவார். அந்தப் பழைய பேட்டிகளை இப்போது இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்கள். அடுத்த வீட்டு நிலக்ஷி டீச்சர் அதைக் கண்டுபிடித்து, போன ஞாயிறு பூசை முடிந்ததும் நம் வீட்டில் ஸ்பீக்கரோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பா ஜெயகாந்தன், அம்மா ஜீவராணி இரண்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள். மஸ்கெலியாவில் முடி வெட்டுகிறவர் ஒருவர், தலையில் முடியே இல்லாத துரை மாதாமாதம் தன்னைக் கூப்பிட்டு அனுப்பிய கதையைச் சொன்னார். கந்தப்பளையில் உருளைக்கிழங்கு போட்டவர் காட்டுப்பன்றியைத் திட்டினார், ரேடியோக்காரர் வெட்டியது போக மிச்சமே அவ்வளவு இருந்தது. பிள்ளைப்பேறு பார்த்த அம்மா ஒருவர், மேளக்காரர் ஒருவர், எல்லாம் கேட்டோம். அதற்குப் பிறகு நிலக்ஷி, "மாமா, இத மட்டும் கேளுங்க" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒன்றைப் போட்டாள்.

உன் அம்மா பேசினாள். கல்யாணத்துக்கு முன்பு, தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் நின்றுகொண்டு, பிசிறே இல்லாத குரலில். அப்படியொரு பேட்டி கொடுத்ததாக அவள் என்னிடம் சொன்னதே இல்லை, காரணம் உடனே தெரிந்தது. மலையில் கஷ்டம் எது, அட்டையா மழையா என்று ரேடியோக்காரர் கேட்கிறார். இவள் சொல்கிறாள், "அட்டையக் கூட புடிச்சு எறிஞ்சிரலாம் சேர். கொழுந்து லொறி ஓட்டுற ஆள என்னா செய்ய? ஒவ்வொரு வளைவுலயும் ஹோர்ன், வளைவு இல்லாட்டியும் ஹோர்ன். அந்த ஆளக் கட்டிக்கப் போறவ காதுக்குப் பஞ்சு வாங்கி வச்சுக்கணும்."

என் ஹோர்ன் சத்தத்தில்தான் உன் அம்மா மயங்கினாள் என்று கல்யாணமான நாளிலிருந்து ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். ஜெயகாந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மானம் போகிறதே என்று நான், "அது நான் இல்லப்பா, எனக்கு முன்னாடி ஆண்டியப்பன்னு ஒருத்தர் ஓட்டுனாரு, அவரச் சொல்றா" என்றேன். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "ஆண்டியப்பன் அண்ணன் பாவம், அவரு ஹோர்ன் அடிக்கவே மாட்டாரு. நான் சொன்னது இந்த ஆளத்தான்" என்றாள்.

தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது குரல். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது, சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஜீவராணிதான் ஒன்றும் நடக்காதது போல, "அப்புறம் எதுக்குக்கா அவரக் கட்டிக்கிட்டீங்க" என்று கேட்டாள். அம்மா முந்தானையைக் கொஞ்சம் இறக்கி, "அந்த வருசம் பஞ்சு மலிவா கெடச்சுச்சு" என்றாள். வீடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதையும் பார்த்துவிட்டு, "இப்ப அந்தப் பஞ்சு ஒங்களுக்கு வேணுமா" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து பேச்சுதான், மூடி வைத்த மாதங்களுக்கும் சேர்த்து. ஒருநாள் நான் கொல்லைப்புறம் நின்றபோது அந்தப் பேட்டியைத் தனியாகப் போட்டுக் கேட்டாள். என்னைப் பார்த்ததும், "அந்தப் புள்ளைக்கு வாயி கொஞ்சம் நீளந்தான்" என்று யாரோ ஒருத்தியைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனாலும் உன் போன் என்றால் இன்னும் பயம். இந்தக் குரலைக் கேட்டு நீ அழுதுவிடுவாயாம். வருகிற ஞாயிறு எடுக்கும்போது போனை அவள் கையில் கொடுக்கப் போகிறேன். குரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே, அழவும் அழாதே. நீ ரசம் எப்படி வைக்கிறாய் என்று மட்டும் சொல், முக்கியமாகப் புளியைக் கடைசியில்தான் விடுகிறேன் என்று சொல். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

குளிர்காற்றுப் பெட்டிக்கு நேராகப் படுக்காதே, கிஷாந்திடம் மிளகாய்த்தூள் கொடுத்திருக்கிறேன், மறக்காமல் வாங்கிக்கொள். மாதா உன்னைக் காப்பாள், என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. அம்மாவின் ஆசீர்வாதத்தை இதில் எழுதவில்லை, அதை அவளே சொல்லட்டும்.

உன் அப்பா
மரியநாயகம்