பத்து கேட்ட மூலை

18-1-82, திங்கள்

முதல் ஷிப்ட். டைம் ஆபீஸ் இராமச்சந்திரன் கேன்டீன் கரும்பலகையில் புதுக் கட்டம் போட்டிருக்கிறார். ஒன்பது அறை, ஒன்றிலிருந்து ஒன்பது வரை. குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை, எப்படிக் கூட்டினாலும் பதினைந்து வர வேண்டும். நாலு மூலையிலும் இரட்டைப்படை, அது ரெண்டாம் ஷிப்டுக்கு. மீதியெல்லாம் ஒற்றைப்படை, அது எங்களுக்கு. ஒரு தரம் நாங்கள், ஒரு தரம் அவர்கள். ஒரு ஷிப்ட் போட்டதை இன்னொரு ஷிப்ட் அழிக்கக் கூடாது. நடுவில் 5 போட்டேன்.

வீட்டில் மரகதம் அழுகிறாள். ஞாயிறன்று மணிமங்கலம் கோயிலில் பாப்பாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படி? மாமன், அதாவது அவள் தம்பி பொன்னுரங்கம், எங்கள் கம்பெனியில்தான், ரெண்டாம் ஷிப்டில் இருக்கிறான். ஸ்டிரைக்கில் அவன் ஒரு சங்கம், நான் ஒரு சங்கம். கேட்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டோம். அதோடு பேச்சு இல்லை.

"நீ போய் கூப்ட்டா இன்னா கொறஞ்சா பூடுவ?" என்கிறாள்.

மாட்டேன்.

19-1

மேல் மூலையில் 2. வாலை இழுத்து எழுதியிருக்கிறான், பொன்னுரங்கமேதான். பக்கத்தில் 3 போட்டேன். யோசிக்கவே இல்லை, ஆத்திரம்.

20-1

அடுத்த மூலை காலி. பயந்துட்டானுங்க! எங்கள் லைனே சிரித்தது.

21-1, வியாழன்

இன்றும் காலி. டீ ஊற்றும் நாகப்பன் சொன்னார்: "பொன்னுரங்கம் துணிய கையில எடுத்தாரு. பக்கத்துல இருந்தவன் அழி அழின்னான். 'மாமா போட்டது, அவுரே வந்து அழிக்கட்டும்'னு வெச்சுட்டாரு."

கூட்டிப் பார்த்தேன். 2, 3... மூலைக்குப் பத்து வேண்டும். ஏதுடா பத்து? ஒன்பதோடு முடிந்துபோகிறதே! இதற்கா அவ்வளவு சிரித்தேன்? அவன் ஊரைக் கூட்டிச் சிரித்திருக்கலாம். செய்யவில்லை. மாமா என்றானாமே.

22-1

எல்லோரும் பார்க்க 3-ஐ அழித்து 7 போட்டேன். பர்மிஷன் கேட்டு, ரெண்டாம் ஷிப்ட் உள்ளே வருவதற்குள் வெற்றிலை பாக்கோடு கேட்டுக்குப் போய்விட்டேன். அவன் சைக்கிளை விட்டு இறங்கினான்.

"ஞாயித்துக்கெழம... பாப்பாவுக்கு..." வெற்றிலையை நீட்டினேன்.

வெற்றிலையை வாங்கிக்கொண்டான். "பல்லு வந்துடுச்சா மாமா கொழந்திக்கு?" என்றான்.

ரெண்டு என்று விரலைக் காட்டினேன்.

24-1, ஞாயிறு

குத்தும்போது பாப்பா வீறிட்டு அழுது அவன் வேட்டியை நனைத்துவிட்டாள். மரகதம் கை நீட்டினாள். "போக்கா, இருக்கட்டும்" என்று இன்னும் இறுக்கிக்கொண்டான். வேட்டி காய்ந்து, நாங்கள் பஸ் ஏறும் வரைக்கும் குழந்தையை யாரிடமும் கொடுக்கவில்லை.