மேடையேறின குளிசை

8.3.97, சனி

பேத்தி சுதா டொக்டருக்குப் படிக்கிறாள். அவளோட படிக்கிறவையள் வருசா வருசம் ஒரு பகிடி நாடகம் போடுறவையாம். பேராசிரியர்மாரை நக்கலடிக்கிறது எண்டு சொல்லித்தான் என்னையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு போனவள்.

திரை விலகினா, ஒரு கிழவன் இருமிக்கொண்டு வாறான். பாத்தா சுதா! என்ர சாரம், என்ர கம்பளித் தொப்பி, என்ர நடை. சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. நானும் சிரிச்சன். ஊரையே பகிடி பண்ணுறவன் கோவிக்கேலுமே?

பிறகுதான் வினை. கிழவன் வாயில போட்ட, டொக்டர் குடுத்த சீனி வருத்தக் குளிசையைத் துப்பி, கறிவேப்பிலைக் கண்டு நட்ட சாடி மண்ணுக்குள்ள தாட்டு மூடினான். அது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம். ஹோல் முழுக்கக் கைதட்டுது. மருமகள் மட்டும் தட்டேல்லை.

"மாமா, உது உண்மையோ?"

"நாடகம் பிள்ளை, நாடகம்."

வீட்டை வந்ததும் மருமகள் கரண்டியால சாடியைக் கிண்டினவள். கரைஞ்சதும் கரையாததுமா ஏழு குளிசை.

சுதாவைப் பிடிச்சன். "ஏனடி காட்டிக் குடுத்தனி? அம்மாட்டச் சொல்லமாட்டன் எண்டு புரொமிஸ் பண்ணினனியெல்லோ?"

"சொல்லேல்லையே அப்பப்பா. நடிச்சன்!"

குளிசை வயித்தைப் பிரட்டுது எண்டா ஆர் கேக்கினம்? இனி ரெண்டு நேரமும் மருமகளுக்கு முன்னாலதான் விழுங்க வேணுமாம். இப்பவும் தண்ணியோட வந்து நிண்டவள்.

"ஆ காட்டுங்கோ மாமா."

காட்டினன்.

"நாக்கைத் தூக்குங்கோ."

தூக்கினன். லைற் அடிச்சுப் பாக்கிறாள். பேசாமல் இவளையே டொக்டருக்குப் படிப்பிச்சிருக்கலாம்.