படத்தின் அடிப்பக்கம்

2008 ஜூன் 3
மழை. பிலிமத்தலாவை பஸ்ஸில் மறுபடியும் சோதனை. அடையாள அட்டையை நீட்டினேன். அண்ணனையும் இப்படித்தான் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். கொழும்பில் குண்டு வெடித்த அன்று அங்கே நின்றானாம்! அன்று கலஹாவில், எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் காவடி எடுத்தவன் அவன். படம் பிடித்தது நான் வேலை செய்யும் ஸ்டூடியோதான். கெமரா கீழ் மூலையில் திகதியையும் பதித்திருக்கும். கோர்ட்டில் காட்டி அவனை வெளியே எடுக்க அது போதும் என்கிறார் சட்டத்தரணி ஸ்ரீஸ்கந்தராசா.

ஜூன் 4
படங்கள் இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க் டக் டக் என்கிறது. பிரதியெடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. "இனித் தாங்காது புள்ள" என்றார் முதலாளி முஹம்மது நானா. கம்ப்யூட்டர் வகுப்பில் படித்த ஜாவாவில் நானே ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு ஸ்ட்ரீம் பழைய கோப்பைத் துண்டு துண்டாக வாசிக்கும். இன்னொன்று புதிய டிஸ்கில் எழுதும். கெட்டுப்போன படத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். ஓடியது! அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

ஜூன் 5
"திகதியைக் காணேல்லையே, பிள்ளை" என்றார் சட்டத்தரணி.
ஐயோ. எல்லாப் படத்திலும் அடியில் சாம்பல் பட்டை. முகம் இருக்கு, திகதி இல்ல. என்ன செஞ்சு தொலைச்சேன்?

ஜூன் 6
பிழை என்னுடையதுதான். எழுதும் ஸ்ட்ரீம் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் டிஸ்கில் போடும். மூடச் சொன்னால்தான் கடைசிப் பங்கும் போய்ச் சேரும். நான் மூடவே இல்லை. ஒரே ஒரு வரி!
வரியைச் சேர்த்தேன். ஆனால் பழைய டிஸ்க் இன்னொரு தரம் சுற்றுமா? சுற்றாவிட்டால் அம்மாவிடம் என்ன சொல்வேன்? நானா ஏதோ ஓதிக்கொண்டே சுவிட்சைப் போட்டார். டக். டக்.
காவடிப் படம் முழுதாக வந்தது. மூலையில் செம்மஞ்சளாகத் திகதி. அதோடு டிஸ்க் அடங்கிவிட்டது.

ஜூன் 19
அண்ணன் வந்துட்டான். யாராவது கதவைத் தட்டினால் எழுந்து நிற்கிறான்.

ஜூன் 24
படத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் தப்படிக்கும் ராஜலிங்கம் மாமாவை அதே குண்டு வழக்கில் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. இவன் யார் என்று அந்தப் படத்தைக் காட்டித்தான் தோட்டத்து லயத்து வீடுகளில் விசாரித்தார்களாம். நான் மீட்டுக் கொடுத்த படம்.
மாமாவின் மனைவி அங்கம்மா அத்தை வந்து வாசலில் நின்றார். திட்டித் தீர்க்கப் போகிறார் என்று பயந்து நிமிரவே இல்லை.
"அதுல அவரும் அதே தேதியிலதானே நிக்கிறாரு? எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு, யசோதா."